பெயரிடப்படாத பொருளுக்குச் சேதம்

கதவைக் கதவு என்று சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றுதான் பிரெஞ்சம்மா நாற்பத்து மூன்று வயது வரை நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்தது.

அவளுடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அலுவலகத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் என்பதால் முதல் நாளே யாரோ பிரெஞ்சம்மா என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சில் முக்கால்வாசி கம்பி, கான்கிரீட், தீயணைப்பு சம்பந்தப்பட்டது. காதல் கடிதம் எழுதச் சொன்னால் திணறியிருப்பாள்.

வேலை இதுதான். ஒன்பது மாடியில் புதிதாக ஒரு அரசு அலுவலகக் கட்டடம். கட்டிக் கொடுத்தது ஒரு பிரெஞ்சு நிறுவனம். மணி, குழாய், மாடிப்படி, புகை போகும் திறப்பு என்று எதைத் தொட்டாலும் அதன்மேல் ஒரு சின்னச் சிவப்புப் பலகை, பலகையில் பிரெஞ்சில் ஒரு பெயர். நிறுவனத்தார் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, கைகுலுக்கி, விமானம் ஏறிவிட்டார்கள். அலுவலக மொழியோ ஆங்கிலம். ஆகவே பலகையில் உள்ள அறுநூற்று நாற்பது சொற்களையும் ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும்.

பிரெஞ்சம்மா பதினேழு நாளில் ஆக்கி முடித்தாள். ராத்திரி பகல் பாராமல் எல்லாம் இல்லை, நியாயமான நேரத்துக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டுதான். பதினெட்டாம் நாள் காலை பட்டியலைக் கொண்டுபோய்ச் செயலரின் மேசைமேல் வைத்தாள். செயலர் அதைத் திறக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார்.

"அதுக்குள்ளயா முடிச்சிட்டீங்க?"

"முடிச்சிட்டேன் சார்."

"வெளிய சொல்லாதீங்க மேடம். குழுவுக்கு வருத்தமா இருக்கும்."

குழு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கட்டடக் கலைச்சொல் ஏற்புக் குழு. தலைவர் ஒருவர், இந்தச் செயலரையும் சேர்த்து உறுப்பினர்கள் ஆறு பேர். மாதத்தின் முதல் வியாழனும் மூன்றாம் வியாழனும் கூடுவார்கள். ஒரு கூட்டத்துக்கு மூன்று சொல். அதற்கு மேல் எடுத்தால் தரம் கெட்டுவிடும். சொற்களைப் பிரெஞ்சு எழுத்து வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். வரிசையை மாற்ற எவருக்கும் அதிகாரம் கிடையாது. இவை போதாதென்று எட்டாம் விதி என்று ஒன்று இருந்தது. ஏற்கப்படாத பெயர் தாங்கிய பலகையை வெள்ளைத் தாளால் மூட வேண்டும். பெயரில்லாத பொருளை எவரும் இயக்கலாகாது.

இந்த எட்டாம் விதியைத்தான் பிரெஞ்சம்மா திரும்பத் திரும்பப் படித்தாள். காரணம், கதவுகள்.

கட்டடத்தின் நடுவில் ஒரு பெரிய மாடிப்படியும் இரண்டு லிஃப்டும் இருந்தன. அவை தினப்படி உபயோகத்துக்கு. தீ என்று வந்தால் இறங்கி நேராகக் கட்டடத்துக்கு வெளியே போவதற்கு ஒவ்வொரு மாடியிலும் நாலு மூலையில் நாலு படிக்கட்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு கனத்த கதவு. புகையை இந்தப் பக்கமே நிறுத்திவைத்து, ஆட்களை மட்டும் அந்தப் பக்கம் விடுவதற்கென்றே செய்த கதவு. கையால் தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். ஒன்பது மாடிக்கு முப்பத்தாறு, தாழ்தளத்தில் மூன்று, ஆக முப்பத்தொன்பது. பெயர் இன்னும் ஏற்கப்படாததால் முப்பத்தொன்பதின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டி, யாரும் இயக்கிவிடக் கூடாதென்று கதவுக்கொரு பூட்டும் தொங்கவிட்டிருந்தார்கள்.

கதவு என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் பதினாறாவது எழுத்தில் வரும். பிரெஞ்சம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். யாரும் எதையும் ஒத்திவைக்காமல் இருந்தால் ஆறு வருடத்தில் கதவின் முறை வரும். யாரும் எதையும் ஒத்திவைக்காமல் இருந்தால்!

இரண்டாம் ஆண்டின் முடிவில் குழு மூன்றாவது எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. அலாரம் என்ற ஒரு சொல்லுக்கே நாலு கூட்டம் ஆயிற்று. ஆங்கிலத்திலும் அது அலாரம்தான் என்று பிரெஞ்சம்மா சொன்னதும், "அப்படின்னா இதுல இவங்க பண்ண வேலை என்ன?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு எட்டு மாதம் ஆராய்ந்து, அவள் ஒன்றும் செய்யவில்லை என்றும், ஆனால் அதைச் சரியாகச் செய்திருக்கிறாள் என்றும் அறிக்கை கொடுத்தது.

அந்த ஆண்டின் கடைசி மாதம், மூன்றாம் வியாழன் எடுத்துக்கொண்டது ஒரு குழாய். தரையிலிருந்து ஒன்பதாம் மாடிவரை ஏறி நிற்கும் இரும்புக் குழாய். எப்போதும் காலியாகவே இருக்கும். தீயணைப்பு வண்டி வந்து கீழ்முனையில் தண்ணீரைச் செலுத்தினால் ஒரே மூச்சில் மேல்மாடிக்குப் போய்விடும். அதற்கு உலகம் முழுக்கப் பழகிப்போன ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. பிரெஞ்சம்மா அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அன்றைக்கு மூன்று சொல் முடியாது என்று அர்த்தம்.

"காலிக் குழாயா? ரெண்டு வருஷமாவா காலியா இருக்கு?"

"ஆமா சார். அது காலியாத்தான் இருக்கணும்."

"இத்தனை நாள் யாரும் ஏன்னு கேக்கலையா?"

"அதோட வேலையே அதுதான் சார். சும்மா இருந்து, வேணுங்கறப்ப உதவணும்."

"சும்மா நிக்கிறது ஒரு வேலையாம்மா?" என்று தலைவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஏழு பேரில் ஒருவரும் அந்தக் கேள்விக்கும் தனக்கும் சம்பந்தம் இருப்பதாக நினைக்கவில்லை. பிஸ்கட் தட்டு வலப்பக்கமாக நகர்ந்தது.

குழாய் ஏன் காலியாக இருக்கிறது என்று விளக்கம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுவதாகவும், விளக்கம் வரும்வரை சொல்லை ஒத்திவைப்பதாகவும், இதற்கிடையில் பாதியளவாவது தண்ணீர் நிரப்பிவைப்பதாகவும் தீர்மானமாயிற்று. நிரப்பினார்கள். மூன்றாம் மாடியில் ஒழுகி நிலப்பதிவு ஆவணங்கள் நனைந்தன. அவற்றை உலர்த்தத் தனியாக ஒரு பிரிவு திறந்தார்கள். அது கதைக்கு வேண்டாத விஷயம்.

கூட்டம் கலைவதற்கு முன் பிரெஞ்சம்மா எழுந்து நின்றாள். இது பதினோராவது தடவை. கெஞ்சுவதில் அவளுக்கு இருந்த கூச்சம் ஆறாவது தடவையோடு போய்விட்டிருந்தது.

"சார், அந்தக் கதவுங்களை மட்டும் முன்னாடி எடுத்துக்கலாமா?"

செயலர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பதினாறாவது எழுத்து மேடம். நாம மூணாவதுல இருக்கோம்."

"தெரியும் சார். மேல ஆயிரத்து இருநூறு பேர் வேலை பாக்கறாங்க. தீ புடிச்சா நடு மாடிப்படி ஒண்ணுதான் வழி. புகை முதல்ல அதுலதான் ஏறும். ஒரே ஒரு சொல்லு சார். ஃபயர் டோர். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"எல்லாருக்கும் தெரிஞ்சா குழு எதுக்கு?" என்றார் ஓர் உறுப்பினர். நியாயமான கேள்வி.

"உங்க சொந்தக்காரங்க யாராவது மேல இருக்காங்களா?" என்று செயலர் கேட்டார்.

"என் தங்கச்சி இருக்கா. ஆறாம் மாடி. பொதுமக்கள் புகாரை ஃபோன்ல கேக்கற பிரிவு. அறுபது பேருக்கு அவதான் மேற்பார்வை."

"சொந்த நலன்" என்று செயலர் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

தலைவர் நல்ல மனுஷர். குரலை உயர்த்தமாட்டார். "அம்மா, உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா தீங்கறது ஒழுங்கு தெரியாத ஒண்ணு. கண்டபடி பரவும். அதுக்காகக் குழுவும் கண்டபடி பரவலாமா? இன்னிக்குக் கதவுக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு ஜன்னல் வந்து நிக்கும். நான் முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டவன். ஒரு ஃபைலைக்கூட அதோட முறை வராம நான் தொட்டது கிடையாது. எத்தனையோ ஃபைலு, முறை வர்றதுக்குள்ள அதுக்கு அவசியமே இல்லாம போயிருக்கு. கேட்டவங்களே இல்லாம போயிருக்காங்க. அதுக்குப் பேருதாம்மா நிர்வாகம்."

ஆறு பேரும் தலையாட்டினார்கள். பிரெஞ்சம்மா உட்கார்ந்தாள். கோபத்தில் அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள்.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான், அக்கா கீழே, தங்கை மாடியில். அன்று சாயங்காலம் தங்கை இறங்கி வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் எதிரில் உட்கார்ந்து, முதலில் ஐந்து நிமிடம் சிரித்தாள்.

"இன்னிக்கு எங்க மாடியில தீ ஒத்திகைக்கா."

"கதவு பூட்டியிருக்கே, எப்படிப் பண்ணாங்க?"

"அதான் விஷயமே. எல்லாரையும் எழுந்து நிக்கச் சொன்னாரு ஒத்திகை அதிகாரி. கண்ண மூடிக்கங்கன்னாரு. கதவு தொறந்திருக்கிறதா நெனச்சுக்கங்க, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா இறங்கறதா நெனச்சுக்கங்கன்னாரு. நடுவுல ஒரு பொண்ணு கண்ணத் தொறந்துட்டா. 'நீங்க இன்னும் மூணாம் மாடியிலதாம்மா இருக்கீங்க, மூடுங்க'ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாரு!"

"நெஜமாவா?"

"சர்டிஃபிகேட்டே குடுத்துட்டாரு. அறுபது ஊழியர்களும் மனத்தளவில் ஏழு நிமிடத்தில் வெளியேறினர், உயிர்ச்சேதம் இல்லைன்னு. எங்க சுவத்துல மாட்டியிருக்கு."

பிரெஞ்சம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த துண்டை மடிக்காமலே கீழே போட்டாள். "உனக்கு இது சிரிப்பா இருக்கா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? அழுதா பூட்டு தொறந்துக்குமா?"

"இங்க பாரு. ஏதாவது ஒண்ணுன்னா அந்தப் பூட்ட ஒடச்சிடு. யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத."

"வேலை போயிடும்க்கா."

"போனா போகட்டும். நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது, விழுது" என்றாள் தங்கை, துண்டை எடுத்து மடித்துக்கொண்டே.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, ஐந்தாம் மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த மின்பெட்டி புகைந்தது. அலாரம் அடித்தது. அது ஏற்கப்பட்ட சொல். அடிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. குழுவின் அறை தரைத்தளத்தில் என்பதால் தலைவரும் செயலரும் முன்வாசல் வழியாக, கோப்புகளைக்கூட ஒழுங்காக அடுக்கி எடுத்துக்கொண்டு, முதல் ஆட்களாக வெளியே வந்தார்கள்.

பிரெஞ்சம்மா வெளியே நின்று மேலே பார்த்தாள். ஐந்தாம் மாடி ஜன்னல்களில் கறுப்பாகப் புகை. கீழ் மாடிக்காரர்கள் நடுப்படி வழியாக இருமிக்கொண்டே இறங்கி வந்தார்கள். மேல் மாடிகளில் ஏழும் எட்டும் ஒன்பதும் இன்னும் ஆள் போடாத காலி மாடிகள். ஆறாம் மாடியிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. நடுப்படி ஐந்தாம் மாடியோடு கறுத்துக் கிடந்தது. அவள் தங்கைக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். "பொதுமக்கள் புகார்ப் பிரிவு, தயவுசெய்து காத்திருங்கள்" என்று பதிவு செய்த குரல் வந்தது. அவளையறியாமல் பொது எண்ணை அழுத்தியிருந்தாள்.

எத்தனை நிமிடம் என்று அவளுக்குத் தெரியாது. கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஒரு கும்பல். அறுபது பேரும் வந்து முடிந்தபின் கடைசியாகத் தங்கை வந்தாள். முகம் முழுக்கக் கரி. ஒரு கையில் கால் வளைந்த இரும்பு நாற்காலி. அதை ஏன் ஆறு மாடி தூக்கிக்கொண்டு இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒடச்சிட்டேன்க்கா" என்றாள்.

பிரெஞ்சம்மா அவளைக் கட்டிக்கொண்டு, முதுகில் நாலு அடி வைத்து, பிறகு அழுதாள். ஏன் அடித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

தீயை அரைமணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு இருமல். மற்றபடி ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை செயலர் பொருட்சேத அறிக்கை தயாரித்தார். மின்பெட்டி ஒன்று. நாற்காலி ஒன்று. பூட்டு ஒன்று. அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, "ஆறாம் மாடித் தென்கிழக்கு மூலையில் உள்ள, பெயர் பின்னர் முடிவு செய்யப்படவுள்ள பொருள் ஒன்றை, மேற்பார்வையாளர் நாற்காலியால் தாக்கி, விதி எட்டுக்கு மாறாக இயக்கினார்" என்று எழுதி, அவள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிச் சட்டப்பிரிவுக்கு அனுப்பினார்.

சட்டப்பிரிவு இரண்டே நாளில் திருப்பி அனுப்பியது. பெயரில்லாத பொருளுக்குச் சேதம் விளைவித்ததாக எவர்மீதும் குற்றம் சாட்ட இயலாது. பொருளின் பெயர் தெரிவிக்கப்பட்டால் குற்றப்பத்திரிகை வழங்கலாம் என்று ஒரு வரி.

திங்கட்கிழமை குழு அவசரமாகக் கூடியது. வியாழன் அல்ல, திங்கள். பிஸ்கட் வாங்கக்கூட நேரமில்லை.

"ஒரே ஒரு பொருள்" என்று செயலர் சொன்னார். "மொழிபெயர்ப்பாளர் சொல்லலாம்."

"ஃபயர் டோர்" என்றாள் பிரெஞ்சம்மா.

"ஆட்சேபணை?" என்று தலைவர் கேட்டார். இல்லை. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. "ஏற்கப்பட்டது."

பிரெஞ்சம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லாரும் உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சொல்லை ஏற்று முடிக்கப் பதினோரு நிமிடம். இரண்டு வருடம், பதினோரு தடவை கெஞ்சல், ஐந்தாம் மாடியில் தீ. அப்புறம் பதினோரு நிமிடம்! அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"சார், அது பதினாறாவது எழுத்து."

தலைவர் அவளைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார். "அவசரம்னு ஒண்ணு இருக்கு இல்லம்மா? எல்லாத்துக்கும் வரிசை பாத்துக்கிட்டு இருந்தா எப்படி?"

"அப்ப மத்தக் கதவுங்க?"

"இது விசாரணைக்காக மட்டும்" என்றார் செயலர். "சேதமான அந்த ஒரு கதவு. மத்ததெல்லாம் முறைப்படி அதோட எழுத்துல வரும். நீங்க ஏற்புச் சான்றிதழை எழுதிக் கொண்டாங்க. தலைவருக்குக் கார் வந்துடுச்சு."

சான்றிதழை நிரப்புவது மொழிபெயர்ப்பாளரின் வேலை. நாலே கட்டம். மூலச்சொல், ஆங்கிலச் சொல், பொருள் விளக்கம், எண்ணிக்கை. முதல் மூன்றையும் அவள் கை தானே எழுதியது. நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஆயுளில் ஒரு தடவைகூட அவள் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ மொழிபெயர்த்தவள் அல்ல. வெளியே கார் ஹாரன் கேட்டது. எண்ணிக்கை என்ற கட்டத்தில் 39 என்று எழுதி, தலைவர் முன்னால் வைத்தாள்.

தலைவர் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் காலையில் பராமரிப்புப் பிரிவு சான்றிதழைப் பார்த்து, எண்ணிக்கைப்படி முப்பத்தொன்பது கதவிலும் தாளைக் கிழித்து, பூட்டை அகற்றி, புதுப் பலகை மாட்டியது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது, எழுதியதைச் செய்தார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் பிரெஞ்சம்மா தாழ்தளத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். எல்லாம் திறந்தன. ஆறாம் மாடியில் ஒன்றைத் தள்ளியபோது அந்தப் பக்கம் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளும் தள்ளிப் பார்க்கத்தான் வந்திருந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கதவை இரண்டு தடவை ஆட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஒரு நாள் பிரெஞ்சம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி வியாழன் வரை தாங்கியது.

"அக்கா" என்று தங்கை ஃபோன் செய்தாள். "குற்றப்பத்திரிகை வந்திருக்கு, நாளைக்கு விசாரணையாம். நான் முப்பத்தொன்பது கதவ ஒடச்சிருக்கேனாம்."

குற்றப்பத்திரிகை சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் பொருந்த வேண்டும் என்பது விதி. எழுத்தர் பொருத்தியிருந்தார். அதில் ஒரு தவறும் இல்லை.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ தூங்கமாட்டேன்னுதான் சொல்லல. நாளைக்கு விசாரணையில நானே எழுந்து சொல்லிடறேன். நம்பர நான்தான் எழுதினேன்னு. என் தலையில போகட்டும்."

"சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணுன்னு திருத்துவாங்க."

"மீதி முப்பத்தெட்டு?"

பதிலுக்குக் காத்திராமல் தங்கை ஃபோனை வைத்துவிட்டாள்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மரியாதையான மனுஷர், குற்றவாளிக்குத் தானே நாற்காலி இழுத்துப் போட்டார். ஆவணத்தில் பிறமொழிச் சொல் இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. மொழிபெயர்ப்பதைத் தவிர வேறெதற்கும் அவர் வாய் திறக்கக் கூடாது என்பதும் விதி. பிரெஞ்சம்மா மேசையின் ஓரத்தில், தங்கையின் முகத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் கண்ணு இருக்கும்மா" என்று அதிகாரி ஆரம்பித்தார். "மூணு பத்துலேர்ந்து மூணு பதினேழுக்குள்ள ஒரு ஆளு, ஒன்பது மாடி, தாழ்தளம், முப்பத்தொன்பது கதவு. ஒரு நாற்காலி. நடக்கற காரியமா? ஒரு கதவுதான்னு நீங்க சொன்னீங்கன்னா, சான்றிதழ்ல எண் தப்புன்னு எழுதித் திருப்பி அனுப்பிடறேன். ஒரு கதவுன்னா பதட்டத்துல செஞ்சது. எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்."

"மீதிக் கதவெல்லாம் சார்?"

"அதெல்லாம் பழைய நிலைக்குப் போயிடும். தாளு ஒட்டிப் பூட்டிடுவாங்க. அது உங்க பிரச்சினை இல்லையே."

"முப்பத்தொன்பதும் நான்தான்னா?"

"அது திட்டமிட்ட செயல்." அதிகாரி விதிப்புத்தகத்தைத் தட்டினார். "மேற்பார்வைப் பொறுப்பு போயிடும். முதல் நாள் சேர்ந்தப்ப உக்காந்த மாதிரி கடைசி மேசையில போய் உக்காந்து ஃபோன் எடுக்கணும். எத்தனை வருஷம் ஆச்சு நீங்க இந்தப் பொறுப்புக்கு வர்றதுக்கு?"

"பதினாலு வருஷம் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

பிரெஞ்சம்மாவால் தாங்க முடியவில்லை. "ஐயா, அந்த எண்ணு..." என்று எழுந்தாள்.

"நீங்க மொழிபெயர்க்க மட்டும்தாம்மா" என்றார் அதிகாரி, கோபமில்லாமல்.

தங்கை அக்காவைப் பார்த்தாள். சின்ன வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும்போது பார்ப்பாளே, உளறிக் கொட்டாதே என்று, அதே பார்வை. பிரெஞ்சம்மா உட்கார்ந்தாள். இந்தச் சனியன் பிடித்த கட்டடத்தில் நியாயம் பேச ஆளில்லை, பேச வந்தவளுக்கும் வாயில்லை என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"எல்லாத்தையும் நான்தான் சார் தொறந்தேன்" என்றாள் தங்கை.

"முப்பத்தொன்பதும்?"

"நான் எண்ணிப் பாக்கல. நீங்க எழுதியிருக்கீங்கன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஏழு நிமிஷத்துலயா?"

"மேல அறுபது பேர் இருந்தாங்க சார். கையி வேகமா ஓடிடுச்சு."

அதிகாரி அவளை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்த மாதிரியும் இருந்தது. ஒப்புக்கொண்டார் என்று எழுதினார். பிறகு படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"செஞ்ச செயலுக்கு வருத்தம் தெரிவிக்கிறீங்களா? தெரிவிச்சா பதிவுல கொஞ்சம் நல்லா இருக்கும்."

"தெரிவிக்கிறேன் சார். ரெண்டு வருஷம் லேட்டா தொறந்துட்டேன். அதுக்கு ரொம்ப வருத்தப்படறேன்."

அதிகாரி பேனாவோடு பிரெஞ்சம்மாவின் பக்கம் திரும்பினார். "இத இங்கிலீஷ்ல எப்படிம்மா எழுதறது?"

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, தங்கை சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. எந்த எழுத்தில் வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அதிகாரி அதை அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டு, முத்திரை குத்தினார்.